கிளை மாறுமுன்

மென்பொருள் ஆக்கும் தொழிலிலுள்ள என் மருமகன் சென்ற மாதம் எம் வீட்டில் தங்கியிருந்தான். ஓரிரவு அவன் தலையிற் கைவைத்து உட்கார்ந்திருக்கக் கண்டேன்.

"என்ன தம்பி?"

"கிளை மாறப்போய் மூன்று மணித்தியால வேலை போச்சு, மாமா!"

அவன் விளக்கியது நம் வாசகர் வீட்டு இளைஞருக்கும் உதவும்.

லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் ‘கிட்’ என்னும் கருவியைச் செய்தார். மென்பொருளொன்றின் பழைய வடிவங்களை அது காத்துவைக்கும். புதியதொன்றைச் செய்து பார்ப்பவர், மூலத்தைக் குலைக்காது தனிக் கிளை பிரித்து வேலை செய்யலாம். கிளை மாறினால், கோப்புகள் யாவும் அக்கிளையில் இறுதியாகப் பதிந்த வடிவத்துக்கு மாறிவிடும்.

பதியாத வேலை என்னாகும்? மாறுவதால் அது அழியுமாயின், கிட் மாற மறுக்கும்; அழியாதாயின், அதையும் உடன் கொண்டுசெல்லும். அப்படியாயின் மருமகனின் வேலை போனதெப்படி?

‘செக்கவுட்’ என்னும் பழைய கட்டளைக்குத் தொழில்கள் இரண்டு. கிளையின் பெயரைக் கொடுத்தாற் கிளை மாறும். கோப்பின் பெயரையோ ஒரு புள்ளியையோ கொடுத்தால், பதியாத திருத்தங்களைக் கேளாமலே துடைத்துவிடும். அலுவலகத்திலிருந்து அவசரத் திருத்தமொன்று கேட்டார்கள். கிளை மாறக் கிட் மறுத்தது. பதற்றத்தில் இவன் புள்ளியை இட்டுவிட்டான்.

இவ்விடரைக் குறைக்கவே 2019இல் வந்த 2.23ஆம் பதிப்பு, கிளை மாற ‘சுவிட்ச்’, கோப்பை மீட்க ‘ரெஸ்டோர்’ என இரு கட்டளைகளைத் தந்தது. ஆயினும் பழகிய கை பழையதையே நாடுகின்றது.

பதிந்த வேலையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கிட்டிடம் ஒப்படைக்காத வேலையை அது எங்கிருந்து தரும்? ஆகவே, கிளை மாறுமுன் ‘ஸ்டேட்டஸ்’ கட்டளையால் நிலையறிக. அரைகுறை வேலை இருப்பின் பதிந்துவிடுக. பதிய மனமில்லையேல் ‘ஸ்டாஷ்’ என ஒதுக்கிவைத்து, திரும்பியதும் ‘ஸ்டாஷ் பொப்’ என எடுத்துக்கொள்க. கிட் இன்னும் அறியாத புதுக் கோப்புகளை ஸ்டாஷ் தானாக எடுத்துவைக்காது என்பதையும் மறவற்க.

"அடுப்பிற் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறவள், தணலைத் தள்ளிவிட்டல்லவா போவாள்?" என்றாள் என் மனைவி.

"நீங்கள் முன்னமே சொல்லியிருக்கலாம், மாமி" என்று சிரித்த மருமகன், போனதை மீண்டும் எழுதத் தொடங்கினான். விடியுமட்டும் விளக்கெரிந்தது. இம்முறை அரைமணிக்கொரு தடவை பதிந்தானாம்.