கலைஞருக்கும் பேர் போட வேண்டும்

நடிகமணி வி. வி. வைரமுத்துவை அறியாத மூத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. காங்கேசன்துறையில் 1924இல் பிறந்து 1989இல் மறைந்தவர். வசந்த கான சபாவை நடத்தியவர். அவர் அரிச்சந்திரனாக நின்ற மயான காண்டத்தைக் கோயில் வீதிகளில் சனம் காத்திருந்து பார்த்தது.

இசை நாடகத்தில் பின்னணிக் குரல் கிடையாது. நடிப்பவரே பாட வேண்டும்; ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் இழைய வேண்டும். சபை நடத்துபவரென்றால் ஆள் சேர்ப்பது, பழக்குவது, ஊர் ஊராய்க் கூட்டிப் போவது என்று இன்னும் பல வேலை. ஓர் ஆளுக்குள் பல தொழில். ஆனால், இதற்கு மாதச் சம்பளமுமில்லை, சேமலாப நிதியுமில்லை.

நம் லயங்களில் மட்டும் வேறா? மாசியில் விடியவிடியக் காமன் கூத்து ஆடும் தோழர் காலையில் மலைக்குப் போகாவிட்டால் அவருக்குப் பேர் இல்லை. கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் தோட்டம் 12 சதவீதம் சேமலாப நிதி கட்டுகிறது. தப்புக்கு யார் கட்டுவது? பொன்னாடை போர்த்தினால் அடுப்பு எரியுமா? சுடலையில் காவல் நின்ற அரிச்சந்திரனுக்கும் கூலி உண்டு.

நிர்வாகத்திடம் கேட்குமுன் நாம் தொடங்குவோம். மே தின ஊர்வலத்தில் நமக்கு முன்னே தப்படித்து நடப்பவருக்கு ஒருநாள் பேருக்குக் குறையாத தொகையைச் சங்கமே கொடுக்கட்டும். கோயில் கமிட்டிகளும் அப்படியே செய்யட்டும். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தம் தோட்டத்துக் கலைஞர்களின் பெயரை எழுதி அனுப்பட்டும். கூத்துக்கு மறுநாள் சம்பளத்துடன் லீவு என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் நம் கோரிக்கையாக வைப்போம். கலையும் உழைப்புத்தான், தோழர்களே!