மீச்சிற்றளவு பட்டறைக்குள் வரட்டும்

தமிழில் பொறியியல் இயலுமா என்று ஐயுறுவோர் அவ்வினாவைக் கல்லூரி வாயிலில் நின்றே எழுப்புகின்றனர். மேனாம்பேட்டில் ஒரு பட்டறை வாயிலில் நின்று எழுப்பியிருப்பின், உரிய சொல் இல்லாத இடத்தில் ஓர் இளைஞனின் கால் முறியவும் கூடும் என்பதைக் கண்டிருப்பர். மிகைக்கூற்று எனத் தோன்றலாம், அன்று.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் எழுந்தது. அதனையொட்டி வளர்ந்த மேனாம்பேட்டில் கடையவும் குடையவும் தேய்க்கவும் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. மண்தடங்களில் ஓட்டுவதற்கென மாற்றியமைக்கப்படும் பழைய உந்துருளிகளைப் புதுக்க இத்தகைய கைகளே வேண்டும். 1985 முதல் 1996 வரை செய்யப்பட்ட யமாகா ஆர்.எக்சு. 100 அவ்வண்டிகளுள் பலர் விரும்புவது. அதன் உருளையின் உள்விட்டம் 50 மி.மீ. மண்தடத்திலோ புழுதி உள்ளே புகும்; காற்றோட்டம் போதாமற் பொறி சுடும்; உருளை விரைந்து தேயும். அப்போது உருளையைக் குடைந்து அகலமாக்கிப் பெரிய ஆடுதண்டு ஒன்றை இடுவர். பட்டறையிற் 'பிசுடன்' எனப்படுவது இவ்வாடுதண்டே. செருமானியர் இதனைக் 'கோல்பன்' என்பர்; தலை பருத்த தண்டினைக் குறித்த அவர்தம் பழஞ்சொல் அது. அச்சொல்லை வழங்கியதால் அவர்கள் செய்த பொறி எதுவும் ஓடாமற் போனதில்லை. செம்பியத்தில் ஆடுதண்டு செய்யும் இந்தியா பிசுடன்சு நிறுவனம் 1949இல் தோன்றியது. முக்கால் நூற்றாண்டாகத் தமிழர் கைகள் செய்து குவிக்கும் பொருளுக்குத் தமிழர் வாயிற் பெயரில்லை!

ஆடுதண்டுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி, இவ்வளவிலான பொறிகளில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அவற்றுள் ஏறத்தாழ நான்கைந்து பங்கே. தலைமயிரின் பருமனினும் குறைவு. ஆடுதண்டு அலுமினியக் கலவை, உருளை வார்ப்பிரும்பு. ஒத்த சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பினும் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆடுதண்டே மிகுதியாகச் சுடுவதும் ஆகும். இடைவெளி குறைந்தால் அது உருளையைக் கவ்விக்கொள்ளும். இதனைப் பட்டறையார் 'பிடித்துக்கொண்டது' என்கின்றனர். எத்துணைச் செம்மையான தமிழ்! விரைந்தோடும் வண்டியிற் பொறி பிடித்துக்கொண்டால் பின்னுருளி சுழலாமல் நின்றுவிடும், ஓட்டுபவன் தூக்கியெறியப்படுவான். இடைவெளி மிகுந்தாலோ ஆடுதண்டு சுவரில் தட்டும்; வளையங்கள் கெடும்; ஆற்றல் கசியும்.

எங்கே அளப்பது என்பதிலேயே பலர் வழுவுகின்றனர். ஆடுதண்டு மேலே குறுகியும் கீழே சற்று அகன்றும், குறுக்கே நோக்கின் முழுவட்டமாகாமலும் செய்யப்படுவது. ஆகலின் கீழ்விளிம்புக்குச் சற்று மேலே, செய்தோர் குறித்த உயரத்தில், அதன் குறுக்கே செல்லும் ஊசிக்குச் செங்குத்தான பக்கத்தில் அளத்தல் வேண்டும். உருளையை மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களிலும், ஒவ்வொரு மட்டத்திலும் இரு பக்கமாகவும் அளத்தல் வேண்டும். குடைந்த சூடு ஆறுமுன் அளப்பதும் தவறு. 20 பாகை கூடுதலாகச் சுடும் உருளை நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பெரிதாகக் காட்டும். எண்ணெய் தடவிய உருளைக்குள் ஆடுதண்டு தன் எடையாலேயே மெல்ல வழுகி இறங்கினாற் போதும் என்னும் கைப்பதம் இகழத்தக்கதன்று. ஆயின், உருளை எந்த மட்டத்தில் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை அப்பதம் சொல்லாது.

சொல்லும் கருவிக்குப் பட்டறையில் 'மைக்ரோமீட்டர்' என்று பெயர். தமிழ்வழிப் பள்ளியில் அதுவே திருகு அளவி. மீச்சிற்றளவு, புரிக்கோல், தலைக்கோல், சுழிப்பிழை என அழகிய சொற்களால் 0.01 மி.மீ. வரை அளக்கப் பள்ளி அறிவியல் நூல் கற்பிக்கின்றது. அதனைப் படித்துத் தேர்ந்த மாணவன் பட்டறைக்குள் நுழைகையில் அச்சொற்களைச் செருப்போடு வாயிலிற் கழற்றி வைத்துவிடுகின்றான். 'சீரோ பார்த்தாயா?' என்று கேட்கப்படும்போது, தான் கற்ற சுழிப்பிழைதான் அது என்று அவனுக்குத் தோன்றுவதில்லை.

அதன் விளைவு சிறிதன்று. 0.25 மி.மீ. பெரிய ஆடுதண்டை இட்டவுடன் விட்டம் 50 மில்லிமீட்டரைக் கடந்துவிடுகின்றது. 25 முதல் 50 வரை அளக்கும் அளவி இனி உதவாது. 50 முதல் 75 வரை அளப்பது வேண்டும். அதன் முனைகள் ஒன்றையொன்று தொடமாட்டா. ஆகவே 50 மி.மீ. நீளமுள்ள அளவுகோலை இடையில் வைத்தே சுழிப்பிழை காணவேண்டும். அக்கோலோ என்றோ தொலைந்திருக்கும்! ஆடுதண்டை அளந்த அளவியைக் கொண்டே உருளையின் உள்ளளவு காணும் கருவியையும் பொருத்தினால், பிழை இருபுறமும் ஒன்றாகிக் கழிந்துபோகும். தண்டை ஒரு பட்டறையிலும் உருளையை வேறொரு பட்டறையிலும் அளந்தால் இரண்டு பிழைகளும் சேர்ந்து நிற்கவும் கூடும்.

இதற்கிடையில் 'தவ்' என்னும் தொல்லை வேறு. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அது; 0.0254 மி.மீ. வண்டியோடு வரும் கையேடு மில்லிமீட்டரிற் பேச, வாய்ச்சொல் தவ்விற் பேசுகின்றது. 'இரண்டு விடு' என்றால் 0.05 மில்லிமீட்டரா, 0.02 மில்லிமீட்டரா? முன்னது ஓடும், பின்னது பிடித்துக்கொள்ளும். தச்சர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுத்துத் தமக்குள் ஐயமின்றி வழங்குகின்றனர். உந்துருளிப் பட்டறைக்கு மட்டும் அத்தகைய பொதுச்சொல் ஏன் வாய்க்கலாகாது?

குடைந்த உருளையைத் திருப்பித் தரும்போது உடன் ஒரு சீட்டுத் தருதல் வேண்டும். ஆடுதண்டின் அளவு, உருளையின் ஆறு அளவுகள், இடைவெளி, சுழிப்பிழை பார்த்தவர் கையொப்பம் ஆகியவை தமிழில், மில்லிமீட்டரில், அதில் இருத்தல் வேண்டும். அச்சிடும் செலவு ஒரு குவளைத் தேநீருக்கும் குறைவே. தொழிற்பேட்டையின் சங்கங்கள் இதனைத் தொடங்கலாம். தொடங்காவிடின், வண்டியைக் கொடுப்பவரே சீட்டைக் கேட்டு வாங்கட்டும். அதுவரை கூலியின் பாதியை நிறுத்தி வைக்கட்டும்.