‘யெஸ்’ஸோடு முடியாத கேள்வி

அண்ணி மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலம் வாசிப்பார், கேட்டால் புரியும். ஆனால் பலதுறை மருந்தகத்தில், “பிள்ளைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல்?” என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டால், பதில் தெரிந்தும் அண்ணனின் முகத்தைப் பார்ப்பார். அண்ணனுக்கோ எல்லா நாளும் விடுப்பு கிடைக்காது.

அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அண்ணியும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுகிறோம். பாடப்புத்தகம் கிடையாது, அன்றாடக் கேள்விகள்தான்.

“சாப்பிட்டாச்சா?” என்றால் ‘யெஸ்’ஸோடு பேச்சு முடிந்துவிடும். “இன்று தேக்காவில் என்ன வாங்கினீர்கள்?” என்றால் ‘ஃபிஷ்’ என்று ஒரு சொல் வரும். “ஏன் அந்த மீன்?” என்று அடுத்ததைக் கேட்டால்தான் வாக்கியம் பிறக்கும். “திஸ் ஃபிஷ் ஸ்மால் போன் நோ. மை சன் லைக்” என்றார் ஒருநாள். இலக்கணம் இடறினாலும் சொல்ல வந்தது வந்து சேர்ந்துவிட்டதே! இடையில் திருத்தினால் பேச்சு நின்றுவிடும். “ஓ, இட் ஹேஸ் நோ ஸ்மால் போன்ஸ், ஸோ யுவர் சன் லைக்ஸ் இட்!” என்று சரியான வாக்கியத்தை என் பதிலில் வைத்துவிடுவேன்.

பிள்ளைகளுக்கும் இது உதவும். பிஎஸ்எல்இ ஆங்கில வாய்மொழித் தேர்வில் படத்தைக் காட்டி அன்றாட அனுபவத்தைத்தான் பேச வைக்கிறார்கள். 2025 முதல் வாய்மொழிக்கு 200இல் 40 மதிப்பெண்.

இன்றிரவு வீட்டில் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மின்தூக்கியில் யாரைப் பார்த்தீர்கள்? எங்கே அதிக நேரம் காத்திருந்தீர்கள்? நாளைக்கு என்ன சமையல், ஏன்?

பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவர் தேடும் சொல்லை நாம் எடுத்துக் கொடுத்துவிட்டால், பேசியது நாம்தான், அவரல்ல.