கால் நயாபைசாவும் ஒன்றேகால் கோடியும்

ஓர் இளைஞனை உங்கள் மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். பெயர் வேண்டாம், அவனைப் போன்றோர் அன்று சாந்தோமில் தெருவுக்குத் தெரு இருந்தனர். ஆண்டு 1957. வயது இருபத்திரண்டு. கடற்காற்று கதவைத் தட்டும் சிறு வீடு. தந்தை இல்லை, தாய் உண்டு, தங்கையர் இருவர் உண்டு. மவுண்ட் சாலையில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. தேவாலய மணி அவனை எழுப்பும். குப்பத்துப் பெண்டிர் மீன் கூடையைத் தலையில் ஏற்றும் வேளையில், பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவான்.

அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் நயாபைசா நடமாட வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழங்கணக்கு போய், நூறு நயாபைசா என்ற புதுக்கணக்கு பிறந்தது. ஓரணாவுக்கு ஆறேகால் நயாபைசா. ஆறேகாலில் அந்தக் கால் எங்கே? கொடுப்பவனுக்கா, வாங்குபவனுக்கா? தேநீர்க் கடையில் அவன் வழக்காடினான். பேருந்தில் நடத்துநரோடு வழக்காடினான். கால் நயாபைசாவுக்காக நாள்தோறும் நீதி கேட்டான், தோழர்களே! ஏழையின் நேர்மை அப்படிப்பட்டது. தன் பொருளில் துரும்பு குறைந்தாலும் ஏனென்று கேட்கும்.

அதே இளைஞன் தவறாமல் செய்து வந்த செலவு ஒன்று உண்டு. ஆயுள் காப்பீட்டுப் பாலிசிக்குக் கட்டும் பிரீமியம். தான் கண்மூடினால் தாய் தெருவில் நிற்கக் கூடாதே என்ற கவலையில், வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, மிச்சம் பிடித்த பணம். 1956 செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைந்தது. தனியாரிடம் கிடந்த 245 நிறுவனங்களின் காப்பீட்டுத் தொழிலை நாடே ஏற்றுக்கொண்டது. இனி நம் பணம் அரசின் கையில், ஆகவே அச்சமில்லை என்று அவன் நம்பினான். மவுண்ட் சாலையில் அவன் கண்ணெதிரே ஒரு மாளிகை மாடி மாடியாக உயர்ந்துகொண்டிருந்தது. தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்று 1953இல் தொடங்கிய அந்தக் கட்டடம், நாட்டுடைமைக்குப் பின் கழகத்தின் உடைமையாயிற்று. “இதில் ஒரு செங்கல் என்னுடையது” என்று அவன் மார்தட்டியிருந்தால் அதில் பொய்யில்லை.

1957 ஜூன் திங்கள். தேநீர்க் கடையில் கால் நயாபைசாவுக்கு அவன் வழக்காடிய அதே நாட்களில், அந்தக் கழகத்தின் பணத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் வெளியே போயிற்று. கல்கத்தாப் பங்குச் சந்தையில் பெயர் பெற்றிருந்த அரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு நிறுவனப் பங்குகளை வாங்குவதற்காகப் போயிற்று. கடனில் மூழ்கிக்கொண்டிருந்தவர் முந்த்ரா. எங்கே முதலிடுவது என்று ஆராய்ந்து சொல்வதற்குக் கழகத்திலேயே ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவைக் கேட்கவில்லை. முடித்த பிறகு தெரிவித்தார்கள். தேநீர்க் கடைக்காரர் கூடக் கேட்டுவிட்டுத்தான் சில்லறையைக் குறைத்தார்!

அப்போது நிதியமைச்சர் யார்? டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் எந்தத் தொகுதியின் உறுப்பினர்? தென் சென்னை! நம் இளைஞன் முதன்முதலாக வாக்குச் சீட்டைக் கையில் வாங்கிய தேர்தலில், அவன் தொகுதி தில்லிக்கு அனுப்பிய உறுப்பினர் அவர். தில்லி தொலைவில் இருக்கிறது என்று சொல்வார்கள். பணம் சாந்தோமிலிருந்து போனது. உறுப்பினரும் சாந்தோமின் உறுப்பினர். தொலைவு எங்கே இருக்கிறது, தோழர்களே?

ஆயினும் அவன் நாள் மாறவில்லை. மணி அடித்தது, எழுந்தான். பேருந்து வந்தது, ஏறினான். பிரீமியம் கட்டும் நாள் வந்தது, கட்டினான். ஊழல் செய்வோருக்கு உற்ற துணை எது தெரியுமா? இருளன்று, பூட்டன்று, பொய்க் கணக்கும் அன்று. பறிகொடுத்தவனுடைய அன்றாட வாழ்வு! அரிசிக்கும் வாடகைக்கும் ஓடுகிறவனுக்கு, ஒன்றேகால் கோடியைத் துரத்த நேரமேது? கால் நயாபைசா கண்ணுக்குத் தெரியும், கோடி தெரியாது. அந்தக் கோடி அவனைப் போன்றோரின் கால்களும் அரைகளும் சேர்ந்ததுதான் என்பதை எவரேனும் எடுத்துச் சொன்னாலன்றி அவன் அறிய வழியில்லை.

எடுத்துச் சொன்னார் ஒருவர். 1957 டிசம்பர் 16ஆம் நாள், நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி எழுந்தார். எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தார் என்பதைக் கவனியுங்கள். ஆளுங்கட்சியின் பக்கத்திலிருந்து! பிரதமர் நேரு அவருக்கு மாமனார். கேள்விக்குரிய அமைச்சர் அவருடைய கட்சிக்காரர். உறவு தடுக்கவில்லை, கட்சி கசியுமே என்ற கவலை தடுக்கவில்லை. பொதுப்பணம் போன வழி எது என்று கேட்டார்.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சக்ளா தனியொருவராக விசாரணைக்கு அமர்ந்தார். மூடிய அறையில் அன்று; மக்கள் முன்னிலையில். திரண்ட கூட்டம் மண்டபத்தில் அடங்காமையால் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். அமைச்சரும் செயலாளரும் சொன்ன விடைகள் தெருவில் நின்றவன் காதிலும் விழுந்தன. நாளேடுகள் அவற்றை நாடெங்கும் கொண்டுசென்றன. சாந்தோமில் முடிதிருத்தும் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, பலர் சூழ்ந்து கேட்டிருப்பார்கள். அன்றுதான் அந்த இளைஞனின் கால் நயாபைசா ஒன்றேகால் கோடியைச் சந்தித்தது!

ஒரு திங்களுக்குள் விசாரணை முடிந்து அறிக்கை வந்தது. பணம் அமைச்சர் பைக்குப் போனதென்று ஆணையம் சொல்லவில்லை. தம் துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று சொல்லிற்று. 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார். அவர் படிக்க வேண்டிய வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமரே படித்தார். மறு ஆண்டு ஆகஸ்டில், மவுண்ட் சாலை மாளிகை பதினான்கு மாடியோடு திறக்கப்பட்டபோது, திறந்து வைத்தவர் புதிய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிப்பாக இருந்திருக்கும். 1962 தேர்தலில் அதே கிருஷ்ணமாச்சாரி திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமைச்சரானார், 1963இல் மீண்டும் நிதியமைச்சரே ஆனார். திறமைசாலி, திரும்பி வந்தார் என்பர் சிலர். இருக்கட்டும். நான் கேட்பது வேறு. ஒருமுறை கேட்ட கேள்வியை நான்கே ஆண்டில் நாம் மறந்தது ஏன்? எதிர்த்து நின்று நினைவூட்டவும் அந்தத் தொகுதியில் ஒருவர் இல்லாமற் போனது ஏன்?

சாந்தோம் கரையில் நின்று கிழக்கே நோக்குங்கள். இந்தக் கடலுக்கும் அப்பால், இன்னொரு கடலையும் தாண்டினால் பிலிப்பைன்ஸ். அங்கும் ஓர் இளைஞன். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அவன் வேலைக்குப் போனான், வகுப்புக்குப் போனான். இடையிடையே, குடியரசுத் தலைவர் எஸ்ட்ராடா மீதான ஊழல் விசாரணையைத் தொலைக்காட்சியில் பார்த்தான். 2001 ஜனவரி 16ஆம் நாள், சான்று அடங்கியிருந்த உறையைத் திறக்க வேண்டாம் என்று செனட்டர்கள் பதினொருவர் வாக்களித்தனர்; திறக்கச் சொன்னவர் பதின்மர். அன்றிரவே கைப்பேசிக் குறுஞ்செய்திகள் பறந்தன. மணிலாவின் எட்சா சாலையில் மக்கள் வெள்ளம். 20ஆம் நாள் எஸ்ட்ராடா மாளிகையை விட்டு வெளியேறினார்!

பிறகு? 2007இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டில் மன்னிப்பும் வந்தது. 2013இல் அதே மணிலா மாநகரம் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது! நான்கு நாள் விழித்திருந்த மக்கள் பன்னிரண்டு ஆண்டில் உறங்கிவிட்டால் நேர்வது இதுதான். கணக்குக் கேட்பதைத் திருவிழாவாக நடத்திப் பயனில்லை. அது அன்றாட வேலையாக வேண்டும். தேநீர்க் கடையில் சில்லறையை எண்ணிப் பார்ப்பது போல.

இனி நம்மிடம் வருவோம். 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. விவரம் தர ஜூன் இறுதி வரை தவணை கேட்டது பாரத ஸ்டேட் வங்கி. “நாளைக்கே கொடு” என்றது நீதிமன்றம். மறுநாளே கொடுத்தார்கள்! உறுதியோடு கேட்டால் கணக்கு ஒரே நாளில் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வெளிவந்த வரிசையில் ஆளுங்கட்சி இருந்தது, எதிர்க்கட்சிகள் இருந்தன, தமிழகக் கட்சிகளும் இருந்தன. மாற்றான் பெயரைப் படிக்கும்போது நம் குரல் மேடையை அதிர வைக்கிறது. நமக்கு வேண்டியவர் பெயர் வரும்போது மட்டும் ஒலிபெருக்கி ஏன் பழுதாகிறது?

மேடையேறிப் பேசிப் பழகியவன் நான்; நாடகத்தில் வசனம் எழுதிக் கைதட்டல் வாங்கியவன். எதிரியின் ஊழலைப் பேசும்போது கிடைக்கும் கைதட்டல் எவ்வளவு இனிது என்பதும், அந்த இனிப்பில் நம் வீட்டுக் கணக்கேடு எப்படி மறந்துபோகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். கட்சிப் பற்று வாயை மூடுவதற்கு இட்ட பூட்டன்று. ஆளும் வரிசையில் அமர்ந்துகொண்டே எழுந்து கேட்ட பெரோஸ் காந்தியால் அவருடைய கட்சி அழிந்துவிடவில்லை. நாடுதான் ஒரு படி நிமிர்ந்தது.

இன்றும் சாந்தோமில் மணி அடிக்கிறது. இன்றைய இளைஞனும் பேருந்துக்கு ஓடுகிறான். அவன் பிரீமியம் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிகிறது. கையால் எண்ணிக் கொடுக்கும் வாய்ப்புகூட இல்லை. அவனிடம் போய் நில்லுங்கள். அவன் நாளைக் கெடுக்க வேண்டாம். வேலையை விட்டு வா என்றும் அழைக்க வேண்டாம். வட்டத்திலும் கிளையிலும் வரவும் செலவும் படிக்கும் கூட்டத்திற்கு அவனை அழையுங்கள். முதல் கணக்காக நம் கணக்கை அவன் முன் விரித்து வையுங்கள். அதில் கால் பைசா குறைந்தாலும் அவன் கேட்கட்டும்.

நம்மிடம் கேட்டுப் பழகியவன், நாளை நாட்டிடமும் கேட்பான்!