முகத்துக்கா, துணிக்கா?

படத்தில் நட்சத்திரம் கட்டின புடவையைத் தேடி நாம் கடைக்கு ஓடின காலம் போய், நட்சத்திரமே ஜவுளி விற்கிற காலம் வந்தாச்சு. 2015-ல் தீபிகா படுகோன், 2017-ல் அனுஷ்கா சர்மா என்று வரிசை. ஆலியா பட் 2020 அக்டோபரில் 'எட்-எ-மம்மா' என்ற பெயரில் குழந்தை உடுப்புகளைக் கொண்டுவந்தார். அவர் தாயானதோ 2022 நவம்பரில்! 2023-ல் அந்தக் கம்பெனியில் 51 சதவீதம் ரிலையன்ஸ் ரீடெய்ல் கைக்குப் போனது.

குறை சொல்லவில்லை, வியாபாரம் அப்படி. பெயர் ஒருவருடையது, முதல் இன்னொருவருடையது, தைப்பது வேறு யாரோ. அதனால்தான் முகத்தை விட்டுத் துணியைப் பாருங்கள் என்கிறேன்.

உடுப்பை உள்பக்கம் திருப்புங்கள். தையலோரம் துணி விட்டிருக்கிறதா? கீழ் மடிப்பைப் பிரித்து இறக்க முடியுமா? முடிந்தால் அடுத்த வருஷமும் போடலாம். பட்டனை இழுத்துப் பாருங்கள். கழன்றால் குழந்தை வாய்க்குத்தான் போகும். கழுத்துச் சீட்டில் முழுப் பருத்தியா, பாலியஸ்டர் கலப்பா என்று படியுங்கள். வேர்க்குருக் காலத்தில் பருத்திதான் சுகம். வீட்டுக்கு வந்ததும் ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேயுங்கள். சாயம் ஒட்டினால் தனியாக அலசுங்கள்.

இத்தனையிலும் தேறினால் நட்சத்திர உடுப்பையே தாராளமாக வாங்குங்கள். தேறாவிட்டால், அதே பணத்தில் நல்ல பருத்தி எடுத்துத் தெருக்கோடி தையல்காரரிடம் இரண்டாகத் தைத்துக்கொள்ளலாமே! வளருகிற பிள்ளைக்கு உறுத்தாத தையல்தான் முக்கியம், பெயர்ச்சீட்டு நமக்குத்தான்.