ஓட்டுப் போட்டு ஒரு சாம்பியன்!

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்றால் காலால் உதைத்து கோல் போடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். முதல் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் உண்டு. ஆனால், ஒரு சீசனில் ஓர் அணி ஆடுவதோ சுமார் 12 ஆட்டங்கள்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அப்படியென்றால் யார் பெஸ்ட் என்று எப்படிச் சொல்வது?

ஓட்டுப் போட்டுத்தான்!

1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதை வாராவாரம் நடத்துகிறது. 60-க்கும் மேற்பட்ட விளையாட்டு நிருபர்களும் ஒளிபரப்பாளர்களும் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24... கடைசி அணிக்கு 1. எல்லாவற்றையும் கூட்டினால் தரவரிசை ரெடி.

இதில் வேடிக்கை என்னவென்றால், சீசன் தொடங்கும் முன்பே முதல் பட்டியல் வந்துவிடும். பரீட்சைக்கு முன்பே மார்க்! 2007-ல் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், முதல் ஆட்டத்திலேயே கீழ்ப்பிரிவு அணியான அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. அடுத்த பட்டியலில் மிச்சிகன் பெயரே இல்லை.

வேடிக்கை வம்பானது 2003-ல். அப்போது நிருபர்கள் ஓட்டு, பயிற்சியாளர்கள் ஓட்டு, கம்ப்யூட்டர் கணக்கு எல்லாவற்றையும் கலந்து இறுதிப்போட்டிக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஓட்டெடுப்பிலும் யுஎஸ்சி-தான் முதலிடம். கலவைக் கணக்கிலோ மூன்றாமிடம்! இறுதிப்போட்டியில் எல்எஸ்யு அணி ஓக்லஹோமாவை 21-14 என்று வென்றது. வேறொரு மைதானத்தில் யுஎஸ்சி மிச்சிகனை வீழ்த்தியது. இறுதிப்போட்டியில் ஜெயித்த அணிக்கே ஓட்டுப் போட வேண்டும் என்று பயிற்சியாளர்களுக்கு ஒப்பந்தம். நிருபர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. அவர்கள் யுஎஸ்சி-யைச் சாம்பியன் என்றார்கள். ஒரே வருடம், இரண்டு சாம்பியன்கள்!

அடுத்த வருடமே, தன் பட்டியலை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லி விலகியது அசோசியேட்டட் பிரஸ்.

2014-ல் நாக்-அவுட் முறை வந்தது. முதலில் 4 அணிகள், 2024 முதல் 12. ஆனாலும் அந்த அணிகளை வரிசைப்படுத்துவது 13 பேர் கொண்ட ஒரு குழுதான். அங்கேயும் ஓட்டுத்தான்! நிருபர்கள் பட்டியலும் இன்றுவரை வாராவாரம் வருகிறது.

கல்லூரி வீரனுக்குக் கிடைப்பது நாலைந்து சீசன்தான். 2003-ல் ஆடிய அந்த இரண்டு அணிப் பையன்களும் 'நாங்கதான் சாம்பியன்' என்று சொல்லிக்கொள்ளலாம். மைதானத்தில் மோதிப் பார்க்கும் வாய்ப்புதான் கடைசிவரை கிடைக்கவில்லை.