கற்பனைக் கலங்களும் கைவினைஞர் பெயரும்

காட்சிச்சாலை என்பது பண்டு நிகழ்ந்தவற்றிற்குச் சான்று கூறும் இடம் என்பது பொதுவான எண்ணம். அரசன் ஏந்திய வாள், புலவன் எழுதிய ஏடு, போரிற் பறந்த கொடி ஆகியவை அங்கே வைக்கப்படுகின்றன. அவை உண்மையில் இருந்தவை என்பதே அவற்றின் பெருமை. ஆனால், எவரையும் சுட்டறியாத துப்பாக்கியும், எந்த விண்மீனையும் சென்றடையாத கலமும், உலகிற் பிறவாத வீரன் உடுத்த உடையும் இந்நாளில் கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டு ஊர் ஊராகச் செல்கின்றன. அவற்றைக் காண மக்கள் பணம் கொடுத்து வரிசையில் நிற்கின்றனர். தொலைக்காட்சியில் வந்த விஞ்ஞானக் கதைகளின் பொருள்களையும் உடைகளையும் காட்டும் பொருட்காட்சிகளையே குறிக்கின்றோம். இவை எதற்குச் சான்று கூறுகின்றன? கதைக்கா, கதைக்குப் பொருள் சமைத்த கைகளுக்கா? இவ்வினாவைக் குறித்து நமக்குத் தோன்றும் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இத்தகைய பொருட்காட்சிகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நெடுநாளாக நடந்து வருகின்றன. பி.பி.ஸி. நிலையத்தார் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடர்கதையின் பொருள்கள் 1973-இல் லாங்லீட் மாளிகையிலும், 1974-இல் பிளாக்பூல் கடற்கரை நகரிலும் காட்சிக்கு வந்தன. 2011-இல் லண்டனில் தொடங்கிய வேறொரு காட்சி 2012-இல் கார்டிப் நகருக்குப் பெயர்ந்து, 2017 வரை நடைபெற்றது. 2022-இல் லிவர்ப்பூல் நகரின் காட்சிச்சாலையில் அமைந்த பிறிதொன்று அவ்வாண்டின் இறுதியிலேயே எடின்பரோவிலுள்ள ஸ்காத்லாந்து தேசியக் காட்சிச்சாலைக்குச் சென்றது. அமெரிக்காவிலோ, 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொடர் இவ்வாறே போற்றப்படுகின்றது. வாஷிங்டனிலுள்ள தேசிய வான், விண்வெளிக் காட்சிச்சாலை 1992-இல் அதற்கென ஒரு காட்சி நடத்தியது. ஸியாட்டில் நகரில் 2016-இல் அமைந்த காட்சி 2019-இல் டியர்பார்னுக்கும் 2021-இல் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் சென்றது.

இவற்றைக் காணச் செல்வோனுக்கு முதலில் நேர்வது ஏமாற்றம் போன்றதொரு வியப்பு. திரையில் உலகையே நடுங்கச் செய்த பொருள், அருகிற் காணுங்கால் மரப்பலகையும், பிசினும், வண்ணமுமாக நிற்கின்றது. டாலெக் என்னும் பகைவரை எடுத்துக்கொள்வோம். யந்திரக் கூட்டினுள் வாழும் கொடிய உயிர்கள் இவை. 1963-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் தோன்றியபோது இங்கிலாந்துச் சிறுவர் நாற்காலியின் பின் ஒளிந்தனர் என்று இன்றும் கூறுவர். ஆயின் அக்கூட்டினுள் இருந்தவன் ஒரு நடிகன். அவன் உள்ளே அமர்ந்து, தன் கால்களால் தரையை உந்தி, சிறு சக்கரங்களின்மேல் அதனை உருட்டினான். குரல் அவனுடையதன்று, வேறொரு நடிகன் பேசிய பேச்சினை மின்கருவியால் திரித்து அச்சந்தரும் ஓசையாக்கினர். பேசுவது எந்த டாலெக் என்று காண்போர் அறிதற்பொருட்டு, உள்ளிருப்பவன் தலைமேலுள்ள விளக்குகளை மினுக்கினான். முன்னே நீண்டிருக்கும் கையோ, வீட்டுக் குழாயில் அடைப்பு நீக்கப் பயன்படும் ரப்பர்க் கிண்ணம்!

ஸ்டார் டிரெக் பொருள்களும் இத்தகையனவே. கப்பல் மருத்துவர் கையாளும் நுண்கருவிகள் சில உண்மையில் உப்புத் தூவும் சிமிழ்கள். ஒரு கதைக்கு உப்புச் சிமிழ் வேண்டியிருந்தது. அதற்கென வாங்கிய புதுமுறைச் சிமிழ்களைக் காண்போர் சிமிழென்று அறிந்துகொள்ளார் என அஞ்சி, சாதாரணச் சிமிழையே கதையிற் காட்டினர். புதுமுறைச் சிமிழ்களை மருத்துவர் கையிற் கொடுத்துவிட்டனர். தலைவன் உடுத்த மேற்சட்டை திரையில் பொன்னிறமாகத் தோன்றிற்று. துணியின் நிறமோ பசுமை. விளக்கொளியும் படச்சுருளுமே பச்சையைப் பொன்னாக்கின. வெல்வெட்டையொத்த அத்துணி சலவையிற் சுருங்கியமையால், உடைகளை வகுத்த வில்லியம் வேர் தைஸ் என்பவர் மூன்றாம் ஆண்டில் வேறு துணிக்கு மாற நேர்ந்தது. எண்டர்பிரைஸ் என்னும் பெருங்கலத்தின் வார்ப்புருவமோ பதினொரு அடி நீளமுள்ளது; மரம், பிளாஸ்டிக், உலோகம் ஆகியவற்றால் ஆயது. அதன் வலப்புறமே செவ்வையாக முடிக்கப்பெற்றது. விளக்குகளுக்குரிய கம்பிகள் இடப்புறமாக உள்ளே சென்றமையால், அப்புறத்தைப் படம் பிடிப்பதில்லை. விண்வெளியெல்லாம் சுற்றிய கலம் ஒரு பக்கமே உடையதாக இருந்தது என்றால் நகையாடாதார் யார்?

‘ஆதலின் இவை வெறும் பொம்மைகள்; இவற்றிற்குக் காட்சிச்சாலையில் இடம் தருவது அறிவுடைமை ஆகாது’ என்பர் சிலர். அவர் கூற்று பொருந்தாது. நகைத்தற்குரிய இவ்வெளிமைதான் நம் மதிப்பிற்கும் உரியது. பணம் குறைவு, நாள் குறைவு, இடம் குறைவு. இத்தனைக்கும் நடுவே, கையிற் கிடைத்த பொருளைக் கொண்டு கோடிக்கணக்கானோர் மனத்தில் ஓர் உலகைப் படைத்தனர் சிலர். ரப்பர்க் கிண்ணத்தைக் கண்டு அஞ்சச் செய்தல் எளிய கலையன்று. பொருளின் சிறுமை மிகுதோறும் அதனைச் சமைத்தவன் திறம் பெருகுகின்றது. திரையிற் கண்ட சிறுவன் ‘இப்படியும் ஓர் உலகம் உண்டோ!’ என்று வியந்தான். பொருட்காட்சியிற் கண்ட அவனே ‘இதனை நானும் செய்யலாமே!’ என்று துணிகின்றான். முன்னைய வியப்பினும் பின்னைய துணிவு சிறந்தது என்பது நம் கொள்கை.

ஆனால் அத்துணிவு பிறத்தற்கு ஒன்று வேண்டும். அப்பொருளைச் செய்தவனும் தன்னைப்போல் ஒரு மனிதனே என்பதைக் காண்போன் அறிதல் வேண்டும். இங்கேதான் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து உள்ளது. கதையின் புகழில் கைவினைஞர் பங்கு பலகாலும் மறைந்துபோயிற்று. டாலெக்குகளின் கதையை எழுதியவர் டெர்ரி நேஷன். அவற்றிற்கு உருவம் வகுத்தவர் ரேமண்ட் குஸிக். நேஷன் எழுத்தாளர் என்னும் முறையில் உரிமையில் பங்கு பெற்றார். டாலெக் பொம்மைகள் கடைதோறும் விற்றபோது அவர்க்குப் பெருஞ்செல்வம் சேர்ந்தது. குஸிக்கோ மாதச் சம்பளம் பெறும் நிலைய ஊழியர். ஆதலின் அவர் பெற்றது நன்கொடையாக அளிக்கப்பட்ட ஒரு சிறு தொகையே. 2013-இல் அவர் காலமானார். டாலெக் என்னும் சொல்லை அறிந்தோருள் அவர் பெயரை அறிந்தோர் எத்துணையர்?

வா மிங் சாங் என்பார் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1917-இல் ஹொனலூலுவிற் பிறந்த இச்சிற்பி, ஸ்டார் டிரெக் கதைமாந்தர் கையில் ஏந்திப் பேசும் செய்திக்கருவியையும், தோளிற் தொங்கவிடும் ஆய்வுக்கருவியையும், விசித்திர உயிர்கள் பலவற்றின் உருவங்களையும் செய்தவர். மூடி திறந்து பேசும் கைத்தொலைபேசிகள் பிற்காலத்தில் வந்தபோது மக்கள் முதலில் நினைந்தது அவர் செய்த கருவியையே. தொழிற்சங்க விதிகளைப் பற்றிய சிக்கலால் அவர் பெயர் திரையில் இடம்பெறவில்லை. அக்கருவியை ஏந்தி நடித்தவர் பெயரை உலகம் அறியும். அதனைச் செய்தவர் 2003-இல் மறைந்தார். அவர் பெயரைச் சிலரே அறிவர்.

தமிழ் பயிலும் நமக்கு இது புதிய துயரன்று. சங்கத்தொகை தொகுத்த சான்றோர், சில பாடல்களைப் பாடினார் பெயர் அறியக்கூடவில்லை. அறியோம் என்று அவர்கள் வாளா விடவில்லை; அப்பாட்டில் வந்த அருந்தொடரையே எடுத்து, செம்புலப் பெயனீரார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் பெயரிட்டு வழங்கினர். பெயர் தெரியாத இடத்தும் பெயர் ஒன்று அமைத்துப் போற்றிய நெறி அது. பெயர் தெரிந்திருந்தும் எழுதாது விடுவது எந்நெறியோ? ஒரு பொருளின் அருகே ‘இதனை ஏந்தியவர் இன்ன வீரர்’ என்று எழுதும் கை, ‘இதனைச் செய்தவர் இன்னார்’ என்று எழுதுதற்கு ஒரு வரியே கூடுதலாக வேண்டும். திரை மறுத்த அவ்வொரு வரியைக் காட்சிச்சாலை கொடுக்கலாம், கொடுத்தல் வேண்டும்.

இதனோடு இயைந்த வேறொன்றும் உண்டு. பழம்பொருள் மங்கிப்போனால் அதனைப் புதிது போல் பூசி வைத்தல் தகுமா? எண்டர்பிரைஸ் கலத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1974-இல் அது வாஷிங்டன் காட்சிச்சாலைக்கு நன்கொடையாக வந்தது. அதன்பின் பலமுறை பழுது பார்த்தனர். 1991-இல் பூசிய புதுவண்ணமும் அழுத்தமான கோடுகளும் பழைய தோற்றத்தோடு ஒவ்வா என அன்பர் பலர் குறை கூறினர். பின்னர் 2014 முதல் 2016 வரை நிகழ்ந்த பணியில் அறிஞர்கள் வேறு வழி சென்றனர். எக்ஸ்-கதிரால் உள்ளமைப்பை ஆராய்ந்தனர். பழைய நிழற்படங்களைப் பொதுமக்களிடமும் கேட்டுப் பெற்றனர். 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அக்கலம் இருந்த நிலையையே குறிக்கோளாகக் கொண்டனர். தட்டுப்போன்ற மேற்பகுதியில் முதன்முதல் பூசிய வண்ணம் எஞ்சியிருந்தது. அதனை அவ்வாறே விட்டனர். நம் ஏட்டுச்சுவடிகளை ஆராயும் பதிப்பாசிரியர் செய்வதும் இதுவன்றோ? தமக்கு அழகெனத் தோன்றும் பாடத்தை ஏட்டில் ஏற்றாமல், ஏடு தரும் பாடத்தையே அவர் காப்பர். பொருளின் தழும்பும் அதன் வரலாறே. அதனை மறைத்தால் காட்சி பளபளக்கும், சான்று அழிந்துபோம்.

சான்று அழிதல் எத்துணை எளிது என்பதற்கு டாக்டர் ஹூ தொடரே எடுத்துக்காட்டு. அக்காலத்தில் பி.பி.ஸி. நிலையத்தார் ஒளிநாடாக்களை மீண்டும் பயன்படுத்தற்பொருட்டும், சேமிக்க இடமின்மையாலும் பழைய பதிவுகளை அழித்தனர். 1960-க்குப் பிந்திய அப்பத்தாண்டில் ஒளிபரப்பான பகுதிகள் பல இவ்வாறு மறைந்தன. அவற்றின் ஒலி மட்டும், வீட்டிலிருந்து ஆர்வத்தால் பதிவு செய்த பார்வையாளர் கையில் எஞ்சிற்று. படம் அழிந்த கதைக்கு, எஞ்சிய உடையும் கருவியும் எத்துணை அரிய சான்று என்று கூறவும் வேண்டுமோ?

‘காண வருவோர் கதையின்பத்திற்காகவே வருகின்றனர், தச்சன் பெயரும் தையற்காரன் பெயரும் அவர்க்கு எதற்கு?’ என்று வினவுவாரும் உளர். இப்பொருள்களுக்குச் சந்தையில் ஏறிய விலையைக் காட்டி, இவை இனி வாணிகப் பொருள்களே என்பாரும் உளர். 2006-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டி ஏலக்கழகத்தார் ஸ்டார் டிரெக் பொருள்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டவற்றை ஏலம் இட்டபோது, பிற்காலத் தொடர் ஒன்றிற்குரிய கலத்தின் உருவம் மட்டும் 5,76,000 டாலருக்கு விலைபோயிற்று. விலை ஏறியது உண்மை. ஆயின் விலை ஏறுந்தோறும் செய்தவர்க்குரிய கடனும் ஏறுகின்றது என்பதே நம் விடை. கதையின்பம் பெயரால் குறைவதன்று. பாடினோன் பெயரை அறிந்தமையால் பாட்டின் சுவை குன்றக் கண்டவர் யார்?

இனி, துணியென்றும் மரமென்றும் இவற்றை இகழ்வார்க்கு ஒன்று கூறுவோம். ஸ்டார் டிரெக்கில் உஹுரா என்னும் அதிகாரியாக நடித்த நிச்செல் நிக்கல்ஸ் உடுத்த செந்நிற உடையொன்று, அமெரிக்காவின் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுப் பண்பாட்டுத் தேசியக் காட்சிச்சாலைக்குரிய பொருள்களுள் ஒன்றாக உள்ளது. கறுப்பினப் பெண்ணொருத்தி கலத்தின் அதிகாரியாக அமர்ந்திருந்த காட்சி அந்நாளில் அரிது. பின்னாளில் அவ்வம்மையார் அமெரிக்க விண்வெளி நிலையமாகிய நாஸாவுக்குப் பெண்களையும் சிறுபான்மையோரையும் ஈர்க்கும் பணியில் உழைத்தார். 1992-இல் விண்வெளி சென்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண்மணியாகிய மே ஜெமிஸன், உஹுராவைக் கண்டு ஊக்கம் பெற்றதாகக் கூறியுள்ளார். பொய்க்கலத்தின் பொய்யதிகாரி உடுத்த உடை, மெய்க்கலத்தில் மெய்யாகவே ஒருத்தியை ஏற்றிவிட்டது. இதனைத் தைத்த ஊசி சிறிதே. ஆயினும் அது தைத்தது துணியை மட்டும் அன்று.

ஆதலின், பொருட்காட்சி நடத்துவோர்க்கு நாம் வைக்கும் விண்ணப்பம் இது. ஒவ்வொரு பொருளின் அருகிலும் அதனை ஏந்திய கதைமாந்தர் பெயரோடு, அதனை வகுத்தவர் பெயரும், செய்தவர் பெயரும், எதனால் ஆயது என்பதும், எந்த ஆண்டில் ஆயது என்பதும், பின்னர்ப் பூசியதும் ஒட்டியதும் இவை என்பதும் தெளிவாக எழுதப்படுக. காணச் செல்வோர்க்கும் ஒரு சொல். வீரன் உருவத்தோடு நிழற்படம் எடுத்துக்கொண்டு விரைந்து மீளாமல், பேழையின் பின்புறமும் சென்று காண்மின். தையலின் ஓரத்தையும், வண்ணம் உதிர்ந்த மூலையையும் நோக்குமின். ஒருபுறமே முடிக்கப்பெற்ற கலத்தின் மறுபுறத்தில், கம்பிகளுக்கிடையே, ஒரு மனிதனது கை தெரியும். அக்கைக்குரியவன் பெயரை வினவுமின். அப்பெயரைச் சொல்ல வல்ல காட்சிச்சாலையே காட்சிச்சாலை. ஏனையது கடைவீதி என்பது நம் துணிபு.